என்.டி.ஏ. கட்-ஆஃப்: எத்தனை மார்க் போதும்?

பன்னிரண்டாம் வகுப்பு படிச்சிக்கிட்டே, ராணுவ அதிகாரி ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கான எபிசோட் இது. அவங்க எல்லாரும் முதல்ல கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: "என்.டி.ஏ.வுக்கு எத்தனை மார்க் எடுக்கணும்?"

புனே பக்கத்துல கடக்வாஸ்லாவில் இருக்கு தேசிய பாதுகாப்பு அகாடமி, அதாவது என்.டி.ஏ. அதுக்கான எழுத்துத் தேர்வை யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது. கணிதம் 300, பொதுத்திறன் 600, மொத்தம் 900 மார்க். 2022-ல நடந்த முதல் தேர்வுக்கு எழுத்துக் கட்-ஆஃப் 360. 2023 முதல் தேர்வுக்கு 301.

இதைக் கேட்டதும், "அட, 900-க்கு 301-ஆ? பாஸ் மார்க் மாதிரிதானே?"ன்னு தோணும். ஆனா அந்த நம்பருக்குள்ள ரெண்டு பொறி இருக்கு.

முதல் பொறி நெகட்டிவ் மார்க். கணிதத்துல 120 கேள்வி. சரியான விடைக்கு 2.5 மார்க், தப்பான விடைக்கு 0.83 கழிப்பாங்க. 30 கேள்விக்குச் சரியா விடை எழுதினா 75 மார்க். அதோட நிக்காம, இன்னும் 30 கேள்விக்குக் குத்துமதிப்பா விடை போட்டு எல்லாமே தப்பாப் போச்சுன்னா, கையில மிஞ்சறது சுமார் 50தான்.

இங்கதான் ரெண்டாவது பொறி. அந்த ரெண்டு தேர்வுலயும் ஒவ்வொரு பாடத்துலயும் தனித்தனியா 25 சதவீதம் வேணும்னு நிபந்தனை இருந்தது. கணிதத்துக்கு அது 75 மார்க். பொதுத்திறன்ல 280, கணிதத்துல 60 எடுத்தவருக்கு மொத்தம் 340. 301-ஐத் தாண்டிட்டார், ஆனாலும் வெளியேதான். நம்ம பசங்க நிறைய பேர் கணிதத்தை ஒதுக்கி வெச்சுட்டு பொது அறிவை மட்டும் நம்பி இறங்குறாங்க. அது ஆபத்தான கணக்கு.

சரி, எழுத்துத் தேர்வு தாண்டியாச்சு. இப்பதான் பாதிக் கிணறு. அடுத்தது எஸ்.எஸ்.பி. நேர்முகம், அதுக்கும் 900 மார்க். ஐந்து நாள் நடக்கும். ஆக மொத்தம் 1800. 2022 முதல் தேர்வுல கடைசியா இடம் கிடைச்சவர் எடுத்தது 720. எழுத்துத் தேர்வுல சரியா 360 எடுத்தவருக்கு நேர்முகத்துலயும் 360 தேவைப்பட்டிருக்கும். எழுத்துல 420 வெச்சிருந்தவருக்கு 300 போதும். ஆனா ஒண்ணு: எஸ்.எஸ்.பி. உங்களைப் பரிந்துரை செஞ்சாதான் இந்தக் கூட்டல் கணக்கே. இல்லேன்னா எழுத்துல 500 இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதுக்கப்புறம் மருத்துவப் பரிசோதனை வேற இருக்கு.

அந்த ஐந்து நாள்ல ஒரு சோதனை வரும். திரையில ஒரு சொல் வரும், 15 விநாடிக்குள்ள அதை வெச்சு ஒரு வாக்கியம் எழுதணும். இப்படி 60 சொற்கள். தமிழ்ல யோசிச்சு, மனசுக்குள்ள இங்கிலீஷுக்கு மாத்தி எழுதறதுக்குள்ள அடுத்த சொல் வந்துடும். எழுத்துத் தேர்வு வினாத்தாளும் ஆங்கிலம், இந்தி ரெண்டுலதான். பொதுத்திறன் 600-ல 200 மார்க் ஆங்கிலத்துக்கே போகுது. தமிழ் வழியில படிச்சவங்களுக்குத் திறமை குறைவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. குறையறது பழக்கம்தான். அதனால கோச்சிங் சேர்றதுக்கு முன்னாடியே, தினமும் நாலு பேரோட உட்கார்ந்து ஆங்கிலத்துல பேச ஆரம்பிங்க. தப்பா இருந்தாலும் பேசுங்க.

இன்னொரு விஷயம், இது பெண்களுக்கும்தான். 2021-ல உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. முதல் அணியில 17 பெண்கள் 2025 மே மாசம் பயிற்சி முடிச்சு வெளியே வந்தாங்க.

எத்தனை தடவை எழுதலாம்? தடவைக்கு வரம்பு இல்ல, வயசுக்குத்தான் வரம்பு. பதினாறரையில இருந்து பத்தொன்பதரை. அந்த வயசு தாண்டிட்டாலும் கதை முடியல. டிகிரி முடிச்சு சி.டி.எஸ். எழுதலாம். அதுல நம்ம சென்னை பரங்கிமலையில இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான், கணிதத் தாள் கிடையாது.

அதனால கட்-ஆஃப் தேடறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பழைய கணித வினாத்தாள் ஒண்ணை எடுத்து, ரெண்டரை மணி நேரம் கடிகாரம் வெச்சு எழுதுங்க. எத்தனை சரின்னு மட்டும் பாக்காதீங்க, எத்தனை தப்புன்னும் எண்ணுங்க. உங்க நிஜமான மார்க் அப்பதான் தெரியும்.