டிராக்டர் கன்வெர்ட்டரைக் கழற்றலாமா?

(வானொலி வேளாண் உரை)



இன்றைக்கு நான் விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. உங்கள் டிராக்டரின் புகைக்குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். உழவு சமயம் நெருங்கினால் பட்டறைப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுகிறது. "அண்ணே, புது டிராக்டர்ல சைலன்ஸரோட சேர்த்து ஒரு சட்டி வெச்சிருக்கான் பாருங்க, அதுதான் வண்டியோட மூச்சை அடைக்குது. அதைக் கழட்டிட்டு நேர் குழாய் போட்டுட்டா டீசலும் மிச்சம், இழுவையும் கூடும்" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டி என்ன வேலை செய்கிறது, அதை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதலில், இது யாருடைய வண்டியில் இருக்கிறது? எல்லா டிராக்டரிலும் கிடையாது. 2023-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி முதல், 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. அப்படிப்பட்ட பெரிய வண்டிகளில்தான் பெரும்பாலும் இந்தக் கன்வெர்ட்டர் இருக்கும். மண் வெட்டும் இயந்திரங்களுக்கு இதே போன்ற விதி 2021 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நம்மில் பலர் வைத்திருப்பது பழைய 35, 45 குதிரைத் திறன் வண்டி. அதில் வெறும் சைலன்ஸர்தான். அந்த வண்டி கறும்புகை விட்டால் ஏர் பில்டரையும் நாசிலையும் பாருங்கள், கலப்பையை ரொம்ப ஆழமாக விடுகிறீர்களா என்று பாருங்கள். சைலன்ஸரைக் குடைவதால் ஒரு பயனும் இல்லை.

சரி, கன்வெர்ட்டருக்கு வருவோம். சட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி இருக்கும். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்களை மிக மெல்லிய பூச்சாகத் தடவியிருப்பார்கள். புகை அதன் வழியே போகும்போது, அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றும், எரியாமல் வந்த டீசல் ஆவியும் அங்கேயே எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். இது நடக்க ஏறத்தாழ 200 டிகிரிச் சூடாவது வேண்டும். சில வண்டிகளில் இதற்கு அடுத்தாற்போல் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் இருக்கும். பிடித்த கரியை அவ்வப்போது சுட்டுப் பொசுக்குவதற்கு வேண்டிய சூட்டைக் கொடுப்பதும் இந்தக் கன்வெர்ட்டர்தான்.

இப்போது பட்டறைக்காரர் சொல்வதைப் பார்ப்போம். மூச்சை அடைக்கிறது என்கிறார். நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டர் அடைக்காது. அதன் துளைகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நேராகத் திறந்தே இருக்கின்றன. அதனால் அதை எடுத்துவிட்டால் கிடைக்கும் இழுவை, கலப்பையில் கை வைத்தாலும் தெரியாத அளவுதான். உண்மையிலேயே அடைத்திருக்கிறது என்றால், அடைத்த கரி எங்கேயிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? மடை வாயில் கம்பி வலை வைத்திருக்கிறோம். ஆகாயத் தாமரை வந்து அடைத்துக்கொண்டால் வலையைப் பிடுங்கி எறிகிறோமா? தாமரை வரும் வழியைத்தானே பார்க்கிறோம்? அதே மாதிரி, ஏர் பில்டரில் தூசி ஏறியிருக்கலாம். இஞ்செக்டர் ஒழுகலாம். டர்போவில் ஆயில் கசியலாம். சட்டியைக் கழற்றினால் நோய் அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் மறைந்து போகும். ஆறு மாதம் கழித்து இன்ஜினையே இறக்கும்போது தெரியவரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வண்டிகளில் டீசலைத் தெளிப்பது கம்ப்யூட்டர் பெட்டி. புகைக்குழாயில் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்துச் சொல்லும் சென்சார்கள் உண்டு. சட்டியை எடுத்தால் கணக்குத் தப்பும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். சேற்றில் கேஜ் வீலோடு பாதி வயலில் நின்றுவிடும். "அதுக்கும் வழி இருக்கு, சாஃப்ட்வேரை மாத்திடலாம்" என்று லேப்டாப்போடு ஒருவர் வருவார். அவருக்குத் தனிக் கூலி. அவர் ஏற்றிய சாஃப்ட்வேர் பழுதானால் அவரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள்.

வடிகட்டியை விட்டுவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் குடைந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இது அதைவிட மோசம். கரியைச் சுடுவதற்காக இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கடைசி நேரத்தில் கூடுதலாகத் தெளிக்கும். அது கன்வெர்ட்டரில் எரிந்துதான் சூடாகும். கன்வெர்ட்டர் இல்லையென்றால் எரிய இடமில்லை. ஒரு பங்கு வெள்ளைப் புகையாக வெளியே போகும், ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால், ஆயில் செலவே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். டீசல் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பேரிங் தேயும். வடிகட்டியோ கரியை எரிக்க முடியாமல் இறுகிப்போகும்.

எட்டு, பத்து லட்சம் என்று கடன் வாங்கி எடுத்த வண்டி. உத்தரவாத அட்டையை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். மாற்றம் செய்த வண்டிக்கு உத்தரவாதம் செல்லாது என்று அதில் இருக்கும். கழற்றிய சட்டியை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பாருங்கள். "பழசு, நான் தூக்கிப் போட்டுக்கறேன்" என்பார். அதில்தான் பிளாட்டினம் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை. கூலியையும் கொடுத்து, பொருளையும் கொடுத்துவிட்டு வருவது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை!

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ளபடி கம்பெனி செய்து கொடுத்ததை மாற்றக்கூடாது என்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் செய்த திருத்தம், அனுமதியில்லாமல் மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. வயலுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். வயலுக்குப் போவதற்கு ரோட்டில்தானே போக வேண்டும்? விற்கப் போகும்போது வாங்குகிறவரும் பார்ப்பார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அந்தப் புகையை யார் குடிக்கிறார்கள்? கடைமடையிலோ கரிசலிலோ ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் தம்பி. பின்னாலேயே வரப்பு வெட்டிக்கொண்டு வரும் ஆள். கதிரடிக்கும் களத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்தது. பீடி, சிகரெட் புகை இருக்கும் அதே வகை. பெரும்பாலும் டிரைவர் கூலிக்கு வருகிறவர். கன்வெர்ட்டரைக் கழற்றலாமா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. வண்டி உங்களுடையது, நெஞ்சு அவருடையது. கன்வெர்ட்டர் இருந்தாலுமே மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது, இல்லையென்றால் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் அடைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? இந்த வண்டிகள் உழைக்கப் பிறந்தவை. சேற்றுழவு, ஆழ உழவு, ரோட்டவேட்டர் என்று பாரம் ஏறும்போது புகை சூடாகி, கரி தன்னாலேயே எரிந்துவிடும். காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவதும், பேசிக்கொண்டே அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவதும்தான் கரி சேர்க்கும். லேசான வேலையே கிடைக்கிற நாட்களில், வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்ல பாரத்தில் ஓட்டுங்கள்.

கரியைச் சுட வேண்டும் என்று டேஷ்போர்டில் விளக்கு வந்தால், கைப்புத்தகத்தில் சொன்னபடி பொத்தானை அழுத்திச் செய்ய வேண்டும். அப்போது வடிகட்டி 600 டிகிரி வரை சூடாகும். ஆகவே வைக்கோல் போர், காய்ந்த தாள், சோளத்தட்டை பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வெட்டவெளியில், வெறும் தரையில் நிறுத்துங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். அவசரம் என்று பாதியில் நிறுத்தினால் கரி அரைகுறையாக நிற்கும், நாலைந்து தடவை இப்படியே செய்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆயில் விஷயத்தில் விலை பார்க்காதீர்கள். ஆயிலில் உள்ள சில பொருள்கள் எரிந்து சாம்பலாகும். கரியைச் சுடலாம், சாம்பலைச் சுட முடியாது. வடிகட்டி இருக்கும் வண்டிக்கு சாம்பல் குறைந்த ஆயில் என்று தனியாக உண்டு. டப்பாவில் சி.ஜே-4 அல்லது சி.கே-4 என்று போட்டிருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்று கைப்புத்தகம் சொல்லும். டீசலும் அப்படித்தான். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பங்கில் வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் கூடினால் அந்தப் பிளாட்டினப் பூச்சு மங்கிப்போகும். பங்கு விட்டு வேறெங்கோ பீப்பாயில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. 75 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட இயந்திரங்கள் சிலவற்றில் டீசல் டாங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு டாங்கு இருக்கும். அதில் ஊற்றும் நீர், சுத்த யூரியா 32.5 சதவீதமும் சுத்த நீரும் கலந்தது. யூரியாதானே என்று, மூட்டையில் இருக்கும் வேப்பெண்ணெய் பூசிய உர யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அந்த எண்ணெயும், தண்ணீரில் உள்ள உப்பும் தெளிப்பானை அடைத்து, உள்ளே இருக்கும் பூச்சையும் கெடுத்துவிடும். அந்த நீரை முத்திரை பிரியாத கேனில் வாங்கி, வெயில் படாமல் வைத்திருங்கள். உர யூரியா பயிருக்குப் போகட்டும்.