வீட்டுச் சுவரில் தொங்கும் ரோத்தான்
(தோட்டத்துத் தாய் தந்தையர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளமும் போனசும் பேசுகிற இந்த மேடையில் இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்தின் காரியந்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள் கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, உயிர்களும் போயின. எங்களை மனிதராக நடத்துங்கள் என்பதே அந்தக் கோரிக்கை. கங்காணியின் பிரம்பு பிரட்டுக் களத்தை விட்டுப் போய்விட்டது. நம் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ரோத்தான் மட்டும் இன்னும் தொங்குகிறது.

'அடியாத மாடு படியாது' என்பீர்கள். மாட்டின் சங்கதி நமக்குத் தெரியாது. பிள்ளையின் சங்கதியை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2016-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிசபெத் கெர்ஷாப்பும் அவருடைய கூட்டாளியும் 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். அவற்றில் வந்த பிள்ளைகள் 1,60,000-க்கும் மேல். வெறுங்கையால் அடிபட்ட பிள்ளைகள்தாம். பிரம்படி அதில் சேரவில்லை. அடியால் நடத்தை திருந்தியதற்கு அடையாளமே இல்லை. முரட்டுத்தனமும் மனச்சோர்வும் பெற்றோரோடு ஒட்டாத குணமுமே அடியோடு சேர்ந்து காணப்பட்டன.

முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடிபடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று வயதில் பிள்ளைக்கு இருந்த முரட்டுத்தனத்தையும் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தது. அப்படியும், அடிக்கடி அடிபட்ட பிள்ளைகளே ஐந்து வயதில் அதிக முரடாக இருந்தார்கள்.

மரம் சீவுகிற நமக்கு இது விளங்காததல்ல. உளி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அங்கே சீராகச் சீவ முடியுமா?

நாம் எப்போது அடிக்கிறோம்? விடியுமுன் எழுந்து, வெயிலில் பால் சுமந்து, கிராணியிடம் ஏச்சும் வாங்கி வீடு திரும்புகிறோம். கிராணிக்குத் திருப்பிச் சொல்ல முடியாத பதிலைப் பிள்ளையின் முதுகில் சொல்கிறோம். பிள்ளை சிந்தியது ஒரு குவளை தண்ணீர். வாங்கியது நம் ஒரு நாள் கோபம். பயந்த பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? 'நானில்லை, தம்பிதான்' என்று சொல்லக் கற்றுக்கொள்கிறது. சிந்தியதைத் துடைக்கச் சொல்லுங்கள். கோபம் மிஞ்சினால் வாசலுக்குப் போய் நில்லுங்கள். தண்டிப்பதாக இருந்தால் விளையாட்டு நேரத்தில் அரைமணி குறையுங்கள், சொன்னபடியே குறையுங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவின் 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகளின்படி பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது. பையன்களையும் நினைத்த ஆசிரியர் நினைத்த நேரத்தில் அடிக்க முடியாது. தலைமையாசிரியரின் அதிகாரம் வேண்டும். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் சார்' என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருகிற தகப்பன்மார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவீடன் 1979-இலேயே வீட்டிலும் அடிக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. நம் பக்கத்து நாடான தாய்லாந்தும் 2025-இல் செய்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டு ரோத்தானைக் கையோடு கொண்டுவாருங்கள். கூட்டக் கொட்டகைக்குப் பின்னால் பயற்றங்கொடி நட்டிருக்கிறோம், ஊன்றுகோல் பற்றவில்லை.