ஆராய்ச்சி யாருக்கு?

(திருவொற்றியூரில் மாணவர் கூட்டமொன்றில் ஒரு கல்லூரி ஆசிரியர் பேசியது)



கல்லூரி மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கற்பிப்பது பற்றி நான் பேசவேண்டுமென்பது இக்கூட்டத்தாரின் கட்டளை. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களும், காசிமேட்டில் மீன் விற்கிற தாய்மார்களும் வந்திருக்கிற இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அந்த மாணவர்கள் உங்கள் பிள்ளைகள்தானே! ஆகவே வேறு யாரைவிடவும் உங்களிடம்தான் இதைப் பேசவேண்டும்.

ஆனர்ஸ் என்ற வகுப்பு சென்னை சர்வகலாசாலையில் முன்பு இருந்து, பிறகு எடுபட்டுப்போனது. இப்போது பல்கலைக்கழக மானியக்குழு 2022ஆம் வருஷ டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில் அது நாலு வருஷப் படிப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75 மார்க்கு எடுத்தவர்தான் நாலாம் வருஷத்தில் ஆராய்ச்சி செய்யலாமாம். தமிழ்நாட்டு அரசாங்கம் அந்தக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்பது இதுதான்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவும், அதற்குப் பதில் எழுதவும் 75 மார்க்கு எதற்கு? மார்க்கு குறைந்தவன் பிறர் சொன்னதை நம்பிக்கொண்டே இருக்கவேண்டியதா?

நம் பிள்ளைகளின் கட்டுரைகள் எப்படி இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். பத்துக்கு எட்டு, எங்கிருந்தோ பார்த்து எழுதியவை. இப்போது கேட்டவுடன் எழுதிக்கொடுக்க யந்திரமும் வந்துவிட்டது. அதற்காகப் பிள்ளையைத் திருடன் என்று வைவது சுலபம். ஆனால் பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தால் மார்க்கு என்று பன்னிரண்டு வருஷம் பள்ளியில் பழக்கிவிட்டு, பதின்மூன்றாம் வருஷம் "சொந்தமாக யோசி" என்றால் அவன் எங்கே போவான்? குற்றத்தில் பாதி எங்களைப்போன்ற ஆசிரியர்களுடையது.

இந்தச் சென்னையிலேயே நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "விடுமுறைக்குத்தானே போகிறீர்கள், உங்கள் ஊரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தது 1918இல் புத்தகமாயிற்று. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு என்ற சிற்றூரை 1916இல் ஒருவர் எழுதினார். 2008இலும் ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்குப் போய், இடையில் என்ன மாறிற்று என்று பார்த்தார்கள். ஒரு மாணவனின் விடுமுறைக் கட்டுரை 92 வருஷத்துக்குப் பிறகும் சாட்சி சொல்லுகிறது! ஆனால் ஒன்று. அக்காலத்தில் கல்லூரிக்குப் போக முடிந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பார்த்தது திண்ணையிலிருந்து தெரிந்த ஊர். வயலில் நின்றவர் கையில் அன்று பேனா இல்லை.

இன்று இருக்கிறது. இருந்தால் மட்டும் போதுமா? இந்தத் திருவொற்றியூர்க் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வடமொழி இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஒரு மண்டபம் இருந்ததென்று சோழர் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. சிவனே அங்கு வந்து பதினாலு நாள் பாணினிக்குப் பதினாலு சூத்திரங்களைக் கற்பித்தாரென்று கதை கூறுகிறது. முன்னது சாட்சி, பின்னது கதை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதே என்று மாணவனுக்குச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டான். மகிழ்ந்தேன்.

மறுவாரம், "அந்த மண்டபத்துக்குள் நம்மவர்களை விடவில்லை" என்று எழுதிக்கொண்டுவந்தான். "எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?" என்றேன். "ஐயா, நீங்களுமா!" என்று கோபித்துக்கொண்டான். அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பது ஆதாரமாகுமா? "யார் படித்தார்கள் என்பது இக்கல்லில் இல்லை" என்று எழுது, பிறகு வேறு சாட்சியைத் தேடு என்றேன். நமக்கு இஷ்டமான முடிவானால் ஆதாரம் வேண்டாம் என்று விட்டுவிட்டால், புராணக்காரரிடம் சண்டைபோட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அன்றைக்கு அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனான்.

அரசாங்கக் காகிதத்துக்கும் இதே சட்டம்தான். 2017 ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுப்புறத்துக்குக் கேடில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிவிப்பு சொல்லிற்று. சில நாளில் கரையில் மனிதர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இவற்றைப் பின்னால் எழுதப்போகிறவன் அறிவிப்பை மட்டும் பார்த்து எழுதினால் என்ன எழுதுவான்?

எண்ணூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். அவளுடைய தாயார் கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். கட்டுரையின் முதல் பக்கத்தில் "மீன்வளம் நாட்டின் முதுகெலும்பு" என்று யாரோ எழுதியதை எழுதியிருந்தாள். "இது யார் சொன்னது?" என்றேன். பேசவில்லை. "உன் வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்?" என்றேன். வெகு நேரம் தயங்கி, "எங்கம்மா சொன்னதை ஆதாரமாகப் போடலாமா சார்? அவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்றாள்.

தோழர்களே! இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். போடலாம் என்றேன். ஆனால் தாயார் என்பதற்காக அல்ல. எந்தத் தேதி, எந்த இடம், தானே கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்று பிரித்து எழுது. அவருக்கு எதிராகப் பேசக்கூடியவரையும் போய்க் கேள். இருவரும் ஒத்துப்போகாத இடத்தை மறைக்காதே. பேர் வெளிவந்தால் யாருக்காவது தொல்லை வருமென்றால் பேரை விட்டுவிடு. இவ்வளவுதான் ஆராய்ச்சிமுறை, மற்றதெல்லாம் அட்டையும் அடிக்குறிப்பும்.

அவள் ஒரு நோட்டு வாங்கினாள். தினம் விடியற்காலையில் தாயாரோடு கரைக்குப் போய், அன்றைய தேதி, தண்ணீரின் நிறம், அகப்பட்டது என்ன, எடை எவ்வளவு, எடை போட்டவர் யார் என்று எழுதினாள். ஒரு நாள் எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினாளாம். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "செவ்வாய்க்கிழமை எடையைத் தப்பாப் போட்டிருக்கே, திருத்து" என்றாராம்.