ஒரு 'ங்க' போதும்

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிற மாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு அன்றாடத் தமிழ் கற்றுத்தருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருப்பூரைச் சுற்றியுள்ள நம் பள்ளிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குழந்தைகள் இல்லாத வகுப்பு இப்போது குறைவு. என் மூன்றாம் வகுப்பிலும் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு சிறுமி இருந்தாள். ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டீச்சர், வா! சீக்கிரம் வா! போ, போ!" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பெரியவங்களை வா, போன்னு கூப்பிடுவியா?" என்று அதட்டினேன். அவள் கையை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். பிறகு போய்ப் பார்த்தால், குழாயடியில் வழுக்கி விழுந்து நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான் அவள் தம்பி. ஒன்றாம் வகுப்புப் பையன்.

அடுத்த மூன்று நாளும் இருவரும் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் மாலை அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை அவள் அம்மாவுக்கு. என்னைக் கண்டதும் பாயை உதறி விரித்தார். சேலைத் தலைப்பால் சொம்பைத் துடைத்துத் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினார். "நீ உக்காரு டீச்சர். தண்ணி குடி" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாய்க்கு என்மேல் இருந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவர் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான். 'வா', 'போ', 'எடு', 'வை', 'சீக்கிரம்': வேலையிடத்தில் அவரிடம் பேசப்பட்ட தமிழ் இதுதான். அதையே அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார்; மகள் பள்ளிக்குக் கொண்டு வந்தாள். அவரை யாராவது 'வாங்க' என்று கூப்பிட்டிருந்தால், அந்தச் சொல்லும் அவள் பையில் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒடியாவில் 'நீ' என்பதற்கு 'து', 'துமே', 'ஆபண' என மூன்று படிகள் உண்டு. இந்தியிலும் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று. ஒடியாவில் குழந்தையிடம் 'பஸ' என்பார்கள். பெரியவர் வந்தால் 'பஸந்து', அதாவது உட்காருங்கள். யாரை எப்படி அழைப்பது என்று அந்தக் குழந்தை தன் மொழியில் ஏற்கெனவே கற்றுவிட்டது. தமிழில் அதற்கான சொல்தான் தெரியவில்லை.

அந்தச் சொல்லைக் கொடுப்பது கடினமா? நம் கொங்குப் பேச்சில் அது மிக எளிது. அவளுக்குத் தெரிந்த அதே சொற்களை எடுத்துக்கொண்டேன். வா, வாங்க. போ, போங்க. எடு, எடுங்க. வை, வைங்க. ஒரு பிள்ளை 'வா' என்றால் எதிரில் நிற்பவர் 'வாங்க' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இதை ஒரு விளையாட்டாக வைத்தேன். 'சரி', 'இல்லை' என்பவையும் 'சரிங்க', 'இல்லீங்க' ஆயின. ஒரே வாரத்தில் அந்த 'ங்க' அவள் நாக்கில் உட்கார்ந்துவிட்டது.

புத்தகத்தில் உள்ள 'தயவுசெய்து' எனும் சொல்லை நான் முதலில் கற்றுத்தரவில்லை. கடையில், பேருந்தில் நாம் யாரும் அப்படிக் கேட்பதில்லையே! 'கொஞ்சம் நகருங்க', 'கொஞ்சம் குடுங்க' என்கிறோம். 'கொஞ்சம்' என்பதுதான் நம் பேச்சின் பணிவு. விடைபெறும்போது 'போறேன்' என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும் அந்தச் சிறுமியின் முகம் மலர்ந்தது. ஒடியாவிலும் கிளம்பும்போது 'ஆசுச்சி' என்பார்கள். 'வருகிறேன்' என்றே பொருள்!

அன்று அவளே எங்களுக்கு ஆசிரியை ஆனாள். 'நமஸ்கார', 'கேமிதி அச்ச?' (எப்படி இருக்கிறாய்?) இரண்டையும் வகுப்பு முழுவதும் அவளிடம் கற்றோம். என் உச்சரிப்பை அவள் மூன்று முறை திருத்தினாள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

வணங்கும் முறையைப் பள்ளி கற்றுத்தருவது உலகில் வேறு இடங்களிலும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் 100-க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் உள்ளன. எல்லோருக்கும் பொதுமொழி சுவாகிலி. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேவை மக்கள் 'ம்வாலிமு' என்று அழைத்தார்கள். 'ஆசிரியர்' என்று பொருள். அவர் ஆசிரியராக இருந்தவர்தான். சுவாகிலியில் சிறியவர் பெரியவரைக் கண்டால் 'ஷிகமோ' என்று வணங்குவார். பெரியவர் 'மரஹபா' என்று பதில் சொல்வார். வணக்கத்துக்கு விடையாகவே ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் பிள்ளைகள் "வணக்கம் டீச்சர்" என்று எழுந்து நிற்கும்போது, வருகைப் பதிவேட்டில் இருந்து தலையைத் தூக்காமல் "உக்காருங்க" என்று சொன்னவள்தானே நானும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டுதான். 'நீ, வா, போ' என்று பேசும் குழந்தையை அதட்டும் முன், அது என்ன சொல்ல வருகிறது என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ, மாற்றுச் சான்றிதழ் வாங்கவோ அந்தப் பெற்றோர் வந்து வாசலில் தயங்கி நின்றால், 'வாங்க, உக்காருங்க' என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குடும்பம் மறு ஆண்டே ஊர் திரும்பிவிட்டது. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தச் சிறுமி, "போயிட்டு வர்றேங்க டீச்சர்" என்றாள். கூடவே அவள் அம்மாவும் தயங்கித் தயங்கி, "வர்றேங்க" என்றார். கம்பெனியில் கேட்ட சொல் அல்ல அது. மகளிடம் கற்றிருக்கிறார்.