பேச முடியாத இடத்தில் பாட்டு



அளவெட்டி, தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த மண். இத்தகைய ஊரில் நாடகம் போடுவதென்றால் பாட்டில்லாமல் போட முடியாது. ஆகவே, சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்காக ஒரு நாவலை நாடகமாக்கித் தரும்படி பிள்ளைகள் சிலர் கேட்டபோது, "இசைநாடகமாகவே செய்வோம்" என்று யோசியாமல் சொல்லிவிட்டேன். யோசியாமல் சொன்ன அந்தச் சொல் எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர்கள் கொண்டுவந்த நூல், மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ'. 'தூவ' என்றால் தீவு. இளையோர் விரும்பிப் படிக்கும் சிங்கள நாவல்களுள் மிகவும் புகழ்பெற்றது. தமிழிலும் வந்துள்ளது. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். தாயை இழந்த உபாலி என்ற சிறுவன், ஜின்னா என்ற தோழனுடன் வீட்டை விட்டு ஓடிப்போகிறான். கொக்கலை வாவியில், ஊரார் அஞ்சி ஒதுங்கும் காடடர்ந்த தீவொன்றிலே இருவரும் பயிர் செய்து வாழ முற்படுகின்றனர். கதையைச் சொல்பவன் உபாலியே.

நாவலை இசைநாடகமாக்குவது தமிழுக்குப் புதியதன்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களை எம். கந்தசாமி முதலியார் பாய்ஸ் கம்பனிகளுக்காக நாடகமாக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை ரி. கே. எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்தார்கள். 1935இல் அது திரைப்படமுமாயிற்று. அந்தக் கம்பனிகளிலே சிறுவர்கள் பெரியவர்களின் வேடம் தாங்கிப் பெரியவர்களின் கதையைப் பாடினார்கள். சிறுவனின் கதையைச் சிறுவனே பாடுவதென்பது வேறொரு காரியம். அதன் அருமை எனக்கு முதலில் விளங்கவில்லை.

இரண்டு கிழமைக்குள் பதினான்கு பாட்டு எழுதினேன். உபாலியும் ஜின்னாவும் ஓடும்போது ஓடும் பாட்டு. தோணி ஏறும்போது தோணிப் பாட்டு. காடு வெட்டும்போது காடு வெட்டும் பாட்டு. எங்கள் ஊரில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கோயில் வீதிகளில் விடியவிடிய இசைநாடகத்துக்கு வாசித்தவர். பதினான்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, பெடியள் ஓடுறதைச் சனம் கண்ணாலை காணும். பிறகேன் ஓடுறன் எண்டு பாட வேணும்? நீர் கண்டதைத்தானே திருப்பிப் பாடுறீர்."

பிறகு அவர் நடிகமணி வைரமுத்துவைப் பற்றிப் பேசினார். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து 1989இல் மறைந்தபோது நான் சிறுபிள்ளை. அவரை ஒலிப்பதிவில்தான் கேட்டிருக்கிறேன். பெரியவரோ நேரில் கண்டவர். 'அரிச்சந்திர மயான காண்டம்' பார்க்கப் போன சனத்துக்குக் கதை முன்னரே தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று அறிய அவர்கள் போகவில்லை. மயானத்திலே நிற்கும் ஒருவன், தன் மனைவியிடமே பிள்ளையின் பிணத்துக்குக் கூலி கேட்க வேண்டி வருகிறதே, அந்த இடத்தில் அவனுக்குப் பேச்சு வராது. அங்கேதான் பாட்டு வரும். அதைக் கேட்கவே போனார்கள்.

அதன் பின் நாவலை மறுபடி எடுத்து மூன்று நிறப் பென்சிலால் கோடிட்டேன். கண்ணால் காண்பது நடிப்புக்கு. காலமும் இடமும் மாறுவதைச் சொல்வது எடுத்துரைஞருக்கு. கூத்திலே கட்டியக்காரன் செய்யும் வேலை அது. பாத்திரம் தன் வாயால் எவருக்கும் சொல்ல முடியாதது எதுவோ, அது மட்டும் பாட்டுக்கு. பதினான்கு பாட்டு ஆறாகக் குறைந்தது.

இந்த வழி நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் பிரின்ஸ் எட்வேட் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. அத்தீவையே களமாக வைத்து எல். எம். மொன்ற்கொமறி 1908இல் எழுதிய நாவல் 'ஆன் ஒவ் கிறீன் கேபிள்ஸ்'. வயல் வேலைக்கு ஒரு பையன் வேண்டுமென்று கேட்ட முதிய அண்ணன் தங்கையிடம், தவறுதலாக ஒரு அநாதைப் பெண்பிள்ளை வந்து சேருகிறாள். இந்நாவல் 1965இல் அத்தீவின் தலைநகர் சார்லற்ரவுணில் இசைநாடகமாக மேடையேறி, 2019 வரை கோடைதோறும் நடந்தது. அதிலே வாயாடிப் பெண்ணான ஆனுக்குப் பாட்டுகள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால், அதிகம் பேசாத அந்த முதியவர் மத்தியூவுக்கும் ஒரு பாட்டு உண்டு. தன் அன்பைச் சொல்லச் சொற்கள் கிடைக்கவில்லை என்பதே அப்பாட்டின் பொருள். எங்கள் பெரியவருக்கு இதைச் சொன்னேன். "அந்த ஆக்களுக்கும் விளங்கியிருக்கு" என்றார்.

இனி, நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். நாடகத்தின் கதை ஊரில் பரவியதும் பெற்றார் சிலருக்கு மனக்குறை. "வீட்டை விட்டு ஓடுற பிள்ளையின்ரை கதையோ, மாஸ்டர்?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்த தலைமுறை நாங்கள். வீட்டை விட்டுப் போவது எங்களுக்கு விளையாட்டுப் பேச்சன்று. ஆகவே, அவர்களைத் திருப்திப்படுத்த ஏழாவதாக ஒரு பாட்டு எழுதினேன். வீட்டை விட்டு ஓடுவது பிழை, பெற்றார் சொற்கேட்டு நட என்று உபாலி சபையைப் பார்த்துப் பாடும் பாட்டு. எதுகை மோனைக்குக் குறைவில்லை.

உபாலியாக நடிக்கும் பையனுக்குப் பதினைந்து வயது. தகப்பன் வெளிநாட்டில், பேர்த்தியாருடன் வளர்கிறான். பாட்டை இருமுறை பாடினான். மூன்றாம் முறை நிறுத்திவிட்டு, "சேர், உபாலி இப்பிடிச் சொல்லமாட்டான்" என்றான். "அப்ப என்ன சொல்லுவான்?" என்று கேட்டேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா இப்ப சாப்பிட்டிருப்பாரோ எண்டு யோசிப்பான், சேர்."

நேயர்களே, இருபது ஆண்டுக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கிறேன். அந்த ஒரு வரிக்கு முன் என் ஏழாவது பாட்டு பரீட்சைக் கட்டுரை போலத் தோன்றியது. எங்கள் ஊர்க் கவிஞர் மஹாகவி, 'கோடை', 'புதியதொரு வீடு' முதலான பா நாடகங்களிலே பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் என்று ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்கிறேன். என் வீட்டு வாசலுக்கு வந்த பேச்சோசையை நானே கேட்காமல் இருந்துவிட்டேன்.

ஏழாவது பாட்டைக் கிழித்தெறிந்தோம். தீவிலே முதல் இரவு, ஜின்னா உறங்கிய பின், உபாலி தனியே இருந்து பாடுகிறான். அந்தப் பையன் சொன்ன கேள்வியே பல்லவி. நான் முகாரி என்றேன். பெரியவர் மறுத்தார். "அவன் அழேல்லைத் தம்பி, நினைக்கிறான்" என்று சொல்லி, நீலாம்பரியில் வாசித்தார். தாலாட்டுக்குரிய இராகம், தாயில்லாப் பிள்ளைக்குப் பொருந்திற்று. குரல் உடையும் வயதானபடியால் மேல் ஸ்தாயிக்குப் போகாமல் மெட்டை அமைத்துக்கொண்டோம். மனக்குறை சொன்ன பெற்றாரை ஒத்திகைக்கு அழைத்து அப்பாட்டைக் கேட்கச் செய்தோம். அதன் பிறகு எவரும் அறிவுரைப் பாட்டுக் கேட்கவில்லை.

இத்தகைய முயற்சியில் இறங்குவோருக்கு இன்னுமொரு சொல். விக்கிரமசிங்க 1976இல் காலமானவர். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. நாவலை நாடகமாக்குவதும் அந்த உரிமைக்குள் அடங்கும். ஊர் மேடைதானே என்று அனுமதியின்றிச் செய்வது முறையன்று. மொழிபெயர்ப்பின் வசனங்களை எடுத்தாண்டால் மொழிபெயர்ப்பாளரிடமும் கேட்க வேண்டும். நாங்கள் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம். நாடகம் இன்னும் மேடையேறவில்லை.

ஆனாலும் மாலைதோறும் ஒத்திகை நடக்கிறது. அந்தப் பையனின் பேர்த்தியார் வந்து பின்வரிசையில் இருப்பார். பேரன் நீலாம்பரியைத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய், பாட்டு முடிந்த பின்தான் உள்ளே வருவார். ஏனென்று நாங்கள் எவரும் கேட்பதில்லை.