அஞ்சலில் வந்த பட்டமும் ஆளவந்தார் மொழியும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

கல்விச் சமன்மை, குமுக நயன்மை என்னும் பெயரால் இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில முதுநிலைப் பட்டமே வழங்குகின்றன. அதைக் கற்க ஊர்விட்டு ஊர் போக வேண்டுவதில்லை. பார்க்கும் வேலையை விடவும் வேண்டுவதில்லை. பகலெல்லாம் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் இரவில் கணினிமுன் அமர்ந்து பாடம் கேட்கலாம். கட்டுரை எழுதி இணையத்திலேயே விடுக்கலாம். ஏழைப் பிள்ளையும் கருநிறப் பிள்ளையும் ஏன் பின்தங்குகின்றன என்பதே பாடம். நல்ல பாடந்தான். ஆயினும், எட்ட இருந்து கற்கும் இப்படிப்பு எவரை எட்டுகின்றது, எந்த மொழியில் எட்டுகின்றது என்னும் வினா அப்படியே நிற்கின்றது. இதற்கு விடை தேட அமெரிக்கா செல்ல வேண்டா. எட்டநிலைக் கல்வியும் விடுதலைப் போரும் மொழிப்போரும் ஒரே மண்ணில் பின்னிக் கிடந்த நாடு ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்கா.

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946-இல் அஞ்சல்வழிப் பாடம் நடத்தத் தொடங்கியது. அதற்கு முன்னர் அது தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. ஈராண்டு கழிந்து 1948-இல் நிறவெறிக் கட்சி ஆட்சிக் கட்டிலேறியது. 1953-இல் பாண்டுக் கல்விச் சட்டம் வந்தது. கருநிற மக்களின் பள்ளிகளை அரசு தன் பிடிக்குள் கொணர்ந்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வோர்டு ஒன்றையும் மறைக்கவில்லை. வெள்ளையர் குமுகத்தில் உடலுழைப்புக்கு மேற்பட்ட இடம் கருநிறத்தார்க்கு இல்லை; அவர்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்று வெளிப்படையாகவே கேட்டார். கொடுமையை இப்படி வாய்விட்டுச் சொல்லும் ஆட்சியாளர் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. பிற இடங்களில் இதையே 'தகுதி' என்னும் இனிய பெயரிட்டு அழைப்பர்.

1959-இல் இன்னொரு சட்டம் வந்து, வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவுகளைப் பிறர்க்கு அடைத்தது. கருநிறத்தார்க்கு இன அடிப்படையில் தனித்தனிக் கல்லூரிகள். இந்திய வழியினர்க்கு தர்பன் துறைமுகத்தில் சாலிசுபரித் தீவில், கடற்படை விட்டுச் சென்ற கட்டடங்களில், 1961-இல் ஒரு கல்லூரி. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ப் போன தமிழர்களின் கொள்ளுப் பேரன்களும் பேர்த்திகளும் அத்தீவிற்குத்தான் படகேறிப் படிக்கச் சென்றனர்.

இவ்வளவு அடைப்புக்கும் நடுவில் அடைபடாது நின்ற வாயில் ஒன்றே ஒன்று: அஞ்சல். தபாலுறைக்கு நிறம் தெரியாது. ஒரே வகுப்பறையில் உட்கார வேண்டாத கல்வியாதலின் எல்லா இனத்தாரும் அதில் சேர முடிந்தது. நெல்சன் மண்டேலா தம் இளநிலைப் பட்டத்தை 1943-இல் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலாகவே பெற்றார். பள்ளியாசிரியராய் இருந்த தெசுமாண்டு டூட்டு 1954-இல் அதே வழியில் பட்டம் பெற்றார். பாண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் பிள்ளைகளுக்கு அரைக்கல்வி புகட்ட மனம் ஒப்பாமல் ஆசிரியப் பணியையே துறந்தார். பட்டம் பெற்றவுடன் பணியில் ஒட்டிக்கொள்ளும் உலகில் இஃது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இராபன் தீவுச் சிறையின் கதையோ இன்னும் பெரிது. 1964-இல் வாழ்நாள் ஒறுப்புப் பெற்று அங்கே அடைக்கப்பட்ட மண்டேலாவும் தோழர்களும் பகலில் சுண்ணாம்புக்கல் வெட்டினர். கண்ணைப் பறிக்கும் அவ்வெண்குழியிலேயே, கற்றவர் கல்லாதவர்க்கு வரலாறும் அரசியலும் ஓதினர். இரவில் அஞ்சல்வழிப் பாடம் படித்தனர். படிப்பு அங்கே உரிமையன்று. சிறையாளர் விரும்பியபோது தந்து, சினந்தபோது பறிக்கும் சலுகை. மண்டேலாவிடமிருந்து ஒருமுறை நான்காண்டுகள் அது பறிக்கப்பட்டது. சிறையிலிருந்தே இலண்டன் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பில் முயன்று, முடிவில் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை அவர் பெற்றது 1989-இல்.  அடுத்த ஆண்டு விடுதலை!

தோழர்களே, இங்கே ஒரு செய்தியை ஆழ்ந்து நோக்க வேண்டும். மண்டேலா சிறையில் கற்றவற்றுள் ஆப்பிரிக்கான்சு மொழியும் ஒன்று. அது சிறைக் காவலரின் மொழி. நிறவெறி ஆட்சியின் மொழி. பகைவனை அறிய வேண்டுமாயின் அவன் மொழியை அறிய வேண்டும் என்று அவர் தாமே விரும்பிக் கற்றார். அவர் சிறையிலிருந்த அதே காலத்தில், 1974-இல், கருநிறப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாடங்களுள் பாதியை ஆப்பிரிக்கான்சில் நடத்த வேண்டுமென்று அரசு ஆணையிட்டது. 1976 சூன் 16-ஆம் நாள் சொவேட்டோவில் பல்லாயிரம் மாணவர் அணிவகுத்தனர். காவலர் சுட்டனர். 12 அகவைச் சிறுவன் எக்டர் பீட்டர்சன் மாண்டான். அவனைத் தொடர்ந்து மாண்டவர் பலர். அவ்வாண்டிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரே மொழி! தலைவர் அதை விரும்பிக் கற்றார்; பிள்ளைகள் அதை மறுத்து உயிர் கொடுத்தனர். இரண்டும் சரியே. கற்பது வேறு, கற்பிக்கப்படுவது வேறு. 1965-ஐக் கண்ட தமிழ்நாட்டிற்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் தாய்மொழிப் பற்றாளர்க்குச் சற்றே கசக்கும் உண்மை ஒன்றும் அங்கு உண்டு. அதை மறைத்தல் அறமாகாது. அந்தப் பாண்டுக் கல்விதான் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியைக் கட்டாயமாக்கியது! மொழிவாரியாய்க் கூறுபோட்டால் கருநிறத்தார் ஒன்றுபட மாட்டார்; தாய்மொழியோடு நிறுத்திவிட்டால் மேலேறவும் மாட்டார். இதுவே ஆட்சியின் கணக்கு. அதனால் தாய்மொழிக் கல்வி என்றாலே ஐயுறும் பழக்கம் அங்குப் பெற்றோரிடையே பல காலம் நின்றது. குற்றம் தாய்மொழியினதா? அன்று. ஏணியில் முதல் நான்கு படியை மட்டும் வைத்து, மேற்படிகளைக் கழற்றிக்கொண்டவனது குற்றம். சூலு மொழியில் தொடக்கப் பாடம் படித்த பிள்ளை அம்மொழியிலேயே சட்டமும் மருத்துவமும் படிக்க வழியிருந்திருப்பின் எந்தத் தாய் அதை வெறுத்திருப்பாள்?

சிறைக்குள் வந்த அந்த அஞ்சல்வழிப் பட்டமுங்கூட ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்சிலுமே வந்தது. சூலுவும் கோசாவும் அங்கே படிக்கப்படும் மொழிகளாய் இருந்தனவேயன்றிப் பட்டம் முழுதும் படிப்பிக்கும் மொழிகளாய் இல்லை.

1996-ஆம் ஆண்டின் அரசமைப்பு 11 மொழிகளை ஆட்சிமொழியாக்கியது. 2023-இல் சைகை மொழி 12-ஆவதாயிற்று. ஏட்டில் இதைவிட அழகிய நயன்மை வேறில்லை. 2016-இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்கான்சு வழிப் பாடத்தை நிறுத்தியது. வழக்கு அரசமைப்பு முறைமன்றம்வரை சென்றது. 2021-இல் அந்நிறுத்தம் அரசமைப்பிற்கு முரண் என்று தீர்ப்பாயிற்று. ஒடுக்கியவர் மொழியாயிற்றே என்று மகிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை. வாழும் மொழியை உயர்கல்வியினின்று விரட்டுவது எவர் செய்யினும் தவறு. தீர்ப்பு நேரியது. ஆனால் 2022 மக்கள் கணக்கின்படி ஏறத்தாழ நூற்றுக்கு 24 பேர் வீட்டில் பேசும் சூலு, அம்மன்றத்தில் தனக்கென இழப்பதற்கு ஒன்றும் இன்றி நின்றது! இருந்ததைப் பறிகொடுத்தவன் வழக்காடலாம். என்றுமே தரப்படாதவன் எதைச் சொல்லி வழக்காடுவான்? வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் அந்நாட்டில் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை.

அஞ்சலுறையின் இடத்தில் இன்று இணையம். 2015-இல் கட்டண உயர்வை எதிர்த்து அந்நாட்டு மாணவர் கிளர்ந்தெழுந்து மறு ஆண்டின் உயர்வைத் தடுத்து நிறுத்தினர். 2020-இல் கொள்ளைநோய் வந்ததும் தேர்வுகளும் இணையத்திற்கு ஏகின. அஞ்சல்தலைக்குச் சில காசு போதும். இணையத்திற்குக் கருவி வேண்டும், தொடர்பு வேண்டும், அறாத மின்னோட்டம் வேண்டும். நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்த நாட்டில் தேர்வெழுதும் ஊர்ப்புற மாணவியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இங்கு மட்டும் என்ன வாழ்கிறது? 2017-18-இல் இந்திய நடுவணரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், ஊர்ப்புற வீடுகளுள் நூற்றுக்கு 15-க்குத்தான் இணைய வாய்ப்பு இருந்தது, நகரில் 42. கணினியோ ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 4 வீட்டில்! கைப்பேசி அதன்பின் பெருகியது உண்மையே. கைப்பேசித் திரையில் முதுநிலைக் கட்டுரை எழுதிப் பார்த்தவர்க்குத்தான் அதன் அருமை தெரியும்.

தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-இல் தொடங்கப் பெற்றது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். கடல்கடந்த தமிழர் பிள்ளைகள் தமிழ் கற்க அது வழிவகுத்தது. நன்றியுடன் நினைக்க வேண்டிய பணி. ஆனால் தமிழைக் கற்பது ஒன்று, தமிழில் கற்பது மற்றொன்று. தருமபுரி மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், தம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஏன் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றனர் என்று ஆராய்ந்து முதுநிலைப் பட்டம் பெற விழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கப்பட்டோர் கல்வி பற்றிப் பிரேசில் அறிஞர் பவுலோ பிரெய்ரே தம் தாய்மொழியாகிய போர்த்துக்கீசியத்தில் எழுதினார். எளிய உழைப்பாளிகளுக்கு அவர்கள் வாய்ச்சொல்லிலேயே 1963-இல் எழுத்தறிவித்தார். அவ்வறிஞரைப் பற்றித் தருமபுரி ஆசிரியை எழுதும் ஆய்வுக் கட்டுரை மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பெண் என்பது எந்த வகை நயன்மை? அவர் ஆராய்வது தமிழ்ப் பிள்ளைகளை. கேட்பது தமிழ்த் தாய்மாரை. திருத்த வேண்டியது தமிழ்ப் பள்ளியை.

ஆகவே தமிழ்நாட்டு அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கேட்க வேண்டுவன இவை. கல்விச் சமன்மை பற்றிய முதுநிலைப் படிப்பு இணையத்தில் நடத்தப்படுமாயின், பாடமும் நூலும் தேர்வும் ஆய்வேடும் தமிழிலேயே அமைய வேண்டும். பாடங்களை அச்சிலும் அனுப்ப வேண்டும். மின் அறுந்த இரவிலும் அவை படிக்கக் கிடைக்கும். வட்டந்தோறும் அரசு நூலகத்தில் கணினியும் தொடர்பும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்க்குக் கட்டணம் அறவே கூடாது.

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் ஆறாம் பிரிவு, போற்றி மதிக்க வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. நேட்டால் தமிழர் வீடுகள் பெரும்பாலானவற்றிலோ இன்று பேச்சு ஆங்கிலம். பள்ளியிலும் பட்டத்திலும் பயிற்றுமொழியாய் இடமில்லாத மொழி சில தலைமுறைகளில் அடுக்களையை விட்டும் வெளியேறியது. கோயில் பாட்டில் மட்டும் எஞ்சியது.