ஏதுவும் எடுத்துக்காட்டும்

(ஓரிக்கையில் நிகழ்ந்த இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசும் அவையில் வடிவியல் பேச வந்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் கணக்குக் கற்பிப்பவன் நான். ஒரு முடிவை நம்புவது வேறு, நிறுவுவது வேறு என்பதை மாணவர்க்கு எவ்வாறு உணர்த்துவது? இதுவே என் பொருள். இது உங்களுக்குத் தொடர்பில்லாததன்று என்பதற்கு ஒரு செய்யுளையே முதற் சான்றாக வைக்கிறேன்.

போதையனார் பாடியது என்றும், கணக்கதிகாரத்தைச் சார்ந்தது என்றும் பலவாறாகச் சொல்லப்படும் செய்யுள் அது. பிதாகரஸ் தேற்றத்தைத் தமிழன் முன்பே கண்டதற்குச் சான்று என்று மேடைகளில் அது முழங்கப்படுகிறது. அதன் கருத்து இதுதான்: செங்கோணத்தைத் தாங்கும் இரு பக்கங்களுள் நீண்டதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளுக, எஞ்சியதோடு மற்றப் பக்கத்தின் பாதியைக் கூட்டுக, கர்ணம் கிடைக்கும்.

இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். பக்கங்கள் 3, 4 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. பக்கங்கள் 5, 12 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. அதுவும் சரி. இவ்விடத்தில் வகுப்பு முழுவதும் விதியை ஒப்புக்கொண்டுவிடும். இனி 7, 24 என்று கொடுங்கள். விதி தருவது இருபத்து நான்கரை. உண்மையான கர்ணம் 25. அடுத்து 1, 100 என்று கொடுங்கள். விதி தருவது 88. செங்கோண முக்கோணத்தில் கர்ணமே மிகப் பெரிய பக்கம் என்பதை அறிந்த மாணவன் எவனும் இதை ஏற்கமாட்டான். நூறு அடி நீளமுள்ள பக்கத்தைவிடக் கர்ணம் குறைந்துவிடுமா?

இயற்கணிதத்தால் ஆராய்ந்தால் ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. அதற்கு இரண்டே தீர்வுகள். பக்கங்கள் 3:4 அல்லது 5:12 என்னும் விகிதத்தில் அமைந்தால் மட்டுமே விதி துல்லியமாகப் பொருந்தும். நாம் சோதித்த முதல் இரண்டும் அவையே! பொருந்திய இரண்டைக் காட்டிப் பொருந்தாத எண்ணற்றவற்றை மறந்துவிடுகிறோம்.

இதைச் சொல்வதால் செய்யுளின் பெருமை குறைவதில்லை. வர்க்கமூலம் காணாமலே கர்ணத்தை ஏறத்தாழக் கணிக்கும் கைவழி அது. இரு பக்கங்களும் 8 ஆயின் அது தருவது 11, உண்மை 11.31. வேலைக்கு உதவும் நெருக்கம்தான். ஆயினும் அது தோராய வாய்பாடு, தேற்றம் அன்று. உள்ள பெருமையை உள்ளபடி சொல்வதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை.

அவ்வாறாயின் பிதாகரஸ் தேற்றத்தை மட்டும் எதைக்கொண்டு ஏற்கிறோம்? செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்திற்கு ஒரு செங்குத்து வரைக. முக்கோணம் இரண்டாகப் பிரியும். கோணங்கள் சமமாதலால் அவ்விரண்டும் பெரிய முக்கோணத்திற்கு வடிவொத்தவை. வடிவொத்தமையால் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்தில் அமையும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் வர்க்கமும், கர்ணத்தை அப்பக்கத்தை ஒட்டிய கர்ணத் துண்டால் பெருக்கியதற்குச் சமம். இரண்டையும் கூட்டினால் துண்டுகள் சேர்ந்து முழுக் கர்ணமாகும். விடை கர்ணத்தின் வர்க்கம். இதில் எந்த அடியிலும் 3, 4 என்னும் எண்கள் வரவில்லை. ஆதலால்தான் வரையாத முக்கோணங்களுக்கும் இது பொருந்துகிறது.

இந்த வேறுபாட்டைச் சொல்ல நமக்கு அயற்சொல் தேட வேண்டுவதில்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், நமக்கு அருகிலுள்ள இதே காஞ்சியில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உரைக்கிறார். மலையில் தீ உண்டு என்று சொல்வது பக்கம். புகை தோன்றுவதைக் காரணமாகக் காட்டுவது ஏது. அடுக்களையை ஒப்பாகக் காட்டுவது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பக்கமும் ஏதுவும் எடுத்துக்காட்டும் எவ்வெவ்வாறு பிழைபடும் என்பதையும் வகை வகையாக விரிக்கிறார். காப்பியத் தலைவி துறவு பூணுமுன் தருக்கம் கற்கிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கரும்பலகையில் ஆசிரியர் வரையும் முக்கோணம் வெறும் எடுத்துக்காட்டு. நிரூபணத்தைத் தாங்குவது ஏது. படத்தில் இரு பக்கங்கள் சமமாகத் தோன்றினால், "தோன்றுகிறது ஐயா" என்பது விடையாகாது. தரவில் அது உள்ளதா என்று கேட்கவேண்டும். வடிவியல் வகுப்பின் முதற்பாடம் இதுவே.

நடைமுறையில் நடப்பது என்ன? பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேற்றத்தின் கீழே கூற்று, காரணம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். மாணவர் இரண்டையும் மனப்பாடம் செய்கின்றனர். ஏபிசி என்னும் முக்கோணத்திற்குப் பிக்யூஆர் என்று பெயர் மாற்றினால் பலர் திகைத்து நின்றுவிடுகின்றனர். 'ஆகவே' என்பதற்குரிய மூன்று புள்ளிகளை வரிதோறும் வைப்பர். எதனால் ஆகவே என்று கேட்டால் விடையிராது. தேர்வு நெருக்கடியில் ஆசிரியரையும் மாணவரையும் குறைகூறிப் பயனில்லை. ஆனால் சிறு மாற்றங்கள் இயலும். நிரூபணத்தின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். காரணப் பத்தியை வெறுமையாக விட்டு நிரப்பச் சொல்லலாம். பொய்யான கூற்று ஒன்றைத் தந்து, அதை வீழ்த்தும் ஒரே ஒரு முக்கோணத்தை வரையச் சொல்லலாம். 'செங்கோண' என்னும் சொல்லை நீக்கினால் நிரூபணம் எந்த வரியில் உடைகிறது என்று தேடச் சொல்லலாம். அந்த வரியைக் கண்டுபிடித்த மாணவன் தேற்றத்தை மறக்கமாட்டான்.

இதனால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்பீராயின், இங்கிருந்து தெற்கே உள்ள உத்திரமேரூருக்கு உங்களை அழைக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்பான், உரக்கப் படிப்பான், பின்னர் அங்குள்ள மற்றவர்களும் அதைப் படிப்பர். கை மூடியிருந்தால் ஐயம் எழும் என்பதனால் விரித்த கை. நிரூபணமும் விரித்த கைதான். 'என்னை நம்பு' என்று அது சொல்வதில்லை. 'நீயே படித்துப் பார்' என்கிறது. ஆசிரியரின் சொல்லையும் ஏது கேட்டு ஆராயும் உரிமையைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முறையாக வழங்கும் பாடம் இது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வுரிமை மிகவும் வேண்டும்.

நிறைவாக, கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏனெனில், ஆதலால், ஆயின், எனினும், மட்டுமே, எல்லா, சில ஆகிய இச்சிறு சொற்களில்தான் தருக்கம் குடியிருக்கிறது. 'எல்லா'வுக்கும் 'சில'வுக்கும் வேறுபாடு காணாத மாணவன் கணக்கில் மட்டும் தவறுவதில்லை, தமிழிலும் தவறுகிறான். நிரூபணத்தைக் குறியீடுகளின்றி நல்ல தமிழ் உரைநடையில் எழுதும் பயிற்சியைத் தமிழாசிரியரும் கணக்காசிரியரும் கூடி நடத்தலாம். அதற்கு இவ்வட்டம் ஆண்டிற்கு ஒரு நாளேனும் இடம் தரவேண்டும். சொல்லை எடைபோட அறிந்த உங்களைவிட அதற்குத் தக்கார் யார்?